பார்வை குறைந்த அம்மாவுக்கு நிறக் கண்ணாடி வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் உங்களோடு இருக்கும் 72 வயது அம்மாவுக்கு நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டு, இரண்டு கண்களிலும் லேசர் சிகிச்சை முடிந்திருக்கிறது. வெளியே போனால் கண் கூசுகிறது என்கிறார். வீட்டுக்குள் வந்தால் வெளிச்சம் போதவில்லை என்கிறார். மஞ்சள் கண்ணாடி போட்டால் சரியாகும் என்று உறவினர் சொன்னதால் அதை வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். நான் டர்பனில், பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பரிந்துரைக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை செய்கிறேன். இதே நிலையில் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அம்மா சொல்லும் இரண்டு குறைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. அவர் மிகைப்படுத்தவும் இல்லை. விழித்திரையின் ஓரப் பகுதியில் நிறைய இடங்களில் லேசர் பட்டவர்களுக்கு, மங்கலான ஒளியில் வேலை செய்யும் செல்கள் பெருமளவு அந்தப் பகுதியில்தான் இருப்பதால், இருட்டுக்குக் கண் பழக வெகுநேரம் பிடிக்கும். வயதும் சேர்ந்துகொள்கிறது: ஒளி நுழையும் துளையான கண் பாவை சுருங்கி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறுவதால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சேரும் ஒளி இருபது வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதே பழுப்பேறிய லென்ஸ் உள்ளே வரும் ஒளியைச் சிதறவும் அடிப்பதால், பிரகாசமான வெயிலில் காட்சியின் மேல் வெண்மையான திரை விழுந்தது போலாகிறது. ஆகவே ஒரே கண்ணுக்கு வெளிச்சம் வேண்டியும் இருக்கிறது, ஆகாமலும் இருக்கிறது.

இதனால்தான் நிறக் கண்ணாடியை முதல் கேள்வியாக வைக்காதீர்கள் என்கிறேன். எந்த நிறமானாலும் அது ஒளியைக் குறைக்கவே செய்யும். வீட்டு விளக்குகளைச் சீர்செய்யாமல் வாங்கும் கண்ணாடி, ஏற்கனவே போதாத ஒளியிலிருந்து இன்னும் கொஞ்சத்தை எடுத்துவிடும்.

அதற்கும் முன்னால் இரண்டு விஷயங்கள். கூச்சம் அண்மையில் திடீரென்று கூடியிருந்தாலோ, கண்ணில் புதிதாகப் புள்ளிகள் மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போலிருந்தாலோ கண் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். அது விளக்கால் தீரும் விஷயமல்ல. சர்க்கரை அளவு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணாடிப் பவரும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அது ஓரளவு நிலைப்பட்ட பிறகு பவரைச் சரிபார்த்து, அந்தப் பவரோடுதான் மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும்.

கான்ட்ராஸ்ட் சோதனை, அதாவது பின்னணியிலிருந்து வெளிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்ற சோதனை, நடந்ததா என்றும் கேளுங்கள். சுவரில் தொங்கும் வழக்கமான அட்டையில் எழுத்துகள் சிறிதாகிக்கொண்டே போகும். பெல்லி–ராப்சன் அட்டையில் எழுத்தின் அளவு மாறாது, மும்மூன்று எழுத்துகளாக வெளிறிக்கொண்டே போகும். ஒரு மீட்டர் தூரத்தில் வைத்துப் படிக்கச் சொல்வோம். வழக்கமான அட்டையில் சுமாராகப் படித்துவிட்டு இதில் தடுமாறுபவர்கள் உண்டு. படிக்கட்டின் விளிம்பு, வெள்ளைத் தட்டில் சோறு, நிழலில் நிற்பவரின் முகம் ஆகியவற்றில் அம்மா ஏன் திணறுகிறார் என்பதை இந்த அட்டைதான் சொல்லும். விளக்கால் அதிகப் பயன் அடையப்போகிறவர்களும் பெரும்பாலும் இவர்களே.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சோதனைக்கு வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் கூரையின் நடுவில் ஒற்றை பல்ப் இருக்கும். வெளிச்சம் போதவில்லை என்றவுடன் இன்னும் பெரிய பல்பை மாட்டுவார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லூமன் என்பது பல்ப் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு, லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு. 800 லூமன் பல்ப் எல்லாத் திசையிலும் சமமாக ஒளியைச் சிந்தினால், 2 மீட்டர் கீழே இருக்கும் புத்தகத்துக்கு நேராக வந்து சேர்வது 16 லக்ஸ் மட்டுமே. சுவரும் கூரையும் திருப்பி அனுப்புவது தனி. அதே பல்பை 40 செ.மீ. தூரத்தில் வைத்தால் 400 லக்ஸ் கிடைக்கும். தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும் என்பதால், வாட்டைக் கூட்டுவதைவிடக் கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்றை அருகில் கொண்டுவருவதே மலிவானது, பயனும் கூடியது. எல்இடி விளக்காக இருக்கட்டும். முகத்துக்கு அருகே சூடேறும் பழைய பல்பை யாரும் வெகுநேரம் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் சோதிக்கும் விதம் இது. வருபவர் உண்மையிலேயே படிக்க விரும்புவதைக் கொண்டுவரச் சொல்வேன். ஒரு பாட்டி, ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தேவாரப் புத்தகத்தையும் தம் இன்சுலின் சிரிஞ்சையும் கொண்டுவந்தார். விளக்கைத் தொலைவில் வைத்துத் தொடங்கி, மெல்ல நெருக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு இடத்திலும் அதே பக்கத்தில் சில வரிகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ஓரிடம் வரை வேகம் கூடியது. அதற்குப் பிறகு தாளின் வெண்மையே கூச ஆரம்பித்து, அவர் புருவத்தைச் சுருக்கித் தலையைத் திருப்பினார். எழுத்துத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் “தெரியுது” என்றே சொல்லியிருப்பார். படிக்கும் வேகத்தையும் முகத்தையும் கவனித்தால்தான் அந்த எல்லை பிடிபடும். ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் நீளமாக வெட்டிய கறுப்பு அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்தவுடன், விளக்கை இன்னும் கொஞ்சம் நெருக்க முடிந்தது. சிரிஞ்சுக்கோ வேறு ஏற்பாடு தேவைப்பட்டது: கோடுகள் கறுப்பு என்பதால் பின்னால் பளபளப்பில்லாத வெள்ளைத் தாளை வைத்து, ஒளியைப் பக்கவாட்டிலிருந்து வரவிட்டபோதுதான் பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு அடங்கிக் கோடுகள் பிரிந்து தெரிந்தன. படிப்பதற்கு ஏற்ற விளக்கு மருந்து அளப்பதற்கும் ஏற்றதாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

விளக்கு கண் மட்டத்துக்குக் கீழே, எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், பல்ப் கண்ணுக்குத் தெரியாதபடி மூடியோடு இருக்க வேண்டும். மேசை விளக்கு எரியும்போது அறை விளக்கை அணைக்காதீர்கள். தாளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வித்தியாசம் அதிகமானால் ஒவ்வொரு முறை நிமிரும்போதும் கண் தடுமாறும். நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போடுங்கள். மின்வெட்டுக் காலத்தில் வாங்கி வைத்த சார்ஜ் விளக்குகளில் எல்இடி புள்ளிகள் பெரும்பாலும் மூடியில்லாமல் இருப்பதால் நேராகப் பார்த்தால் குத்தும். அவற்றைச் சுவரையோ கூரையையோ நோக்கித் திருப்பி வையுங்கள். மஞ்சள் ஒளியா வெள்ளை ஒளியா என்பதில் விதி ஏதும் இல்லை. இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி எரியவிட்டு, அம்மா எதில் அதிக நேரம் படிக்கிறார் என்று பாருங்கள்.

இப்போது நிறக் கண்ணாடி. நீல ஒளி மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறும் என்பதால், அதை வெட்டும் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு நிறங்கள் சிலருக்கு இதமாக இருக்கின்றன. ஆனால் மஞ்சள் கண்ணாடி எல்லோருக்கும் பார்வையைக் கூட்டும் என்பதற்கு ஆய்வுகள் ஒருமித்த சான்று தரவில்லை. “நல்லா பளிச்சுனு இருக்கு” என்று முதல் நிமிடத்தில் சொன்னவரே அடுத்த வாரம் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவதும் உண்டு. சில கண்ணாடிகளின் பெயரில் 511, 527, 550 போன்ற எண்கள் இருக்கும். அத்தனை நானோமீட்டருக்குக் கீழே அலைநீளம் உள்ள, அதாவது நீலப் பக்கத்து, ஒளியை அது பெரும்பாலும் தடுக்கிறது என்று பொருள். எண் கூடக் கூட நிறம் சிவப்பை நோக்கிப் போகும், நிறங்களைப் பிரித்தறிவதும் கடினமாகும். எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பது தனி அளவு: சாதாரண வெயில் கண்ணாடிகளில் 2ஆம் வகை 18 முதல் 43 சதவீதம் வரையிலும், 3ஆம் வகை 8 முதல் 18 சதவீதம் வரையிலும், 4ஆம் வகை 3 முதல் 8 சதவீதம் வரையிலும் விடும். 4ஆம் வகையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

கடைக்குள் குழல்விளக்கின் கீழ் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது வீண். நான் வெளியே, நண்பகல் வெயிலில், சிமெண்ட் தரை போட்ட கார் நிறுத்துமிடத்தில்தான் சோதிப்பேன். நம் ஊர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடக்கூடியது. இரண்டிரண்டாகக் கொடுத்து, எது மேல் என்று கேட்டு, வென்றதை அடுத்ததோடு ஒப்பிடச் சொல்வேன். பிறகு நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பேன். தெருமுனை ரோபோவில் (போக்குவரத்து விளக்கில்) சிவப்பா பச்சையா என்று கேட்பேன். இதில் தவறினால், எவ்வளவு இதமாக இருந்தாலும் அந்த நிறம் வேண்டாம். கூசும் ஒளியில் பெரும்பகுதி மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதால், விளிம்பு அகன்ற தொப்பியை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு அதன் பிறகே கண்ணாடியின் அடர்த்தியை முடிவு செய்யுங்கள். தொப்பியோடு பலருக்கு வெளிர் நிறமே போதுமானதாகிவிடுகிறது.

அம்மாவுக்கு என்றால், பவர் கண்ணாடியின் மேலேயே மாட்டிக்கொள்ளும், பக்க மறைப்பு உள்ள வகையில் தொடங்குவேன். அம்கேனி சாலைக் கோயிலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில் அதை ஒரே கையால் கழற்றிவிட முடியும், கழற்றிய பிறகு ஓரமாக நின்று கண் பழகும் வரை காத்திருந்துவிட்டு நடக்கட்டும். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் இந்த இடத்தில் கைகொடுக்காது, உள்ளே வந்த பிறகு வெளிற அதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். காருக்குள் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுப்பதால் பெரும்பாலும் கறுக்கவே கறுக்காது. போலராய்டு லென்ஸ், கடலிலும் ஈரச் சாலையிலும் தெறிக்கும் ஒளிக்கு நல்லது. வீட்டுக்குள் அடர்ந்த கண்ணாடியை அணிந்தே பழகினால் கண் இருட்டுக்குப் பழகிக் கூச்சம் மேலும் கூடும். இரவில் எந்த நிறமும் வேண்டாம்.

அம்மாவுக்குக் கண்புரை இருந்து, அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு நடக்கிறது என்றால், பவரோடு செய்யும் விலை உயர்ந்த நிறக் கண்ணாடிக்கு இப்போது பணம் செலவழிக்காதீர்கள். பழுப்பேறிய லென்ஸ் போய்த் தெளிவான லென்ஸ் வந்ததும் உள்ளே சேரும் ஒளியும் அதன் நிறமும் மாறிவிடுவதால், விளக்கின் தூரம் முதல் கண்ணாடியின் அடர்த்தி வரை அத்தனையையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.