குடியை நிறுத்தும் முன் கஞ்சி

உங்கள் அண்ணனின் குடியை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். தினமும் குடித்து, காலையில் கை நடுங்கும் அவருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில், மருந்தோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

கூலி கிடைக்காத நாளில்தான் அதிகம் குடிக்கிறார், அழுகிறார் என்கிறீர்கள். எனக்குப் பசியின் மேல்தான் சந்தேகம். பட்டினியை மறக்கத் தொடங்கும் குடி, பசியையே கொன்றுவிடுகிறது. சாப்பாடில்லாமல் குடித்தால் தயமின் (வைட்டமின் பி1) சத்து குறைந்து மறதி, குழப்பம் வரை போகும்.

ஒரு வாரம் பாருங்கள்: அவர் மதுக்கடைக்குக் கிளம்பும் முன் ரேஷன் அரிசிக் கஞ்சியும் ஒரு முட்டையும் தட்டில் இருக்கட்டும். அன்று குடித்த அளவைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கஞ்சி மட்டுமே குடியை நிறுத்திவிடாது. வலிப்பு வந்தாலோ, இல்லாத உருவம் தெரிகிறது என்றாலோ உடனே 108. சாகப் போகிறேன் என்று பேசினால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416 இரவிலும் இலவசம்.