அமெரிக்க நெடுஞ்சாலையோர வேடிக்கைகள்: கேள்வி பதில்

கேள்வி: வெட்டவெளியில் சாலையோரத்தில் வேடிக்கைகளை அமைக்கும் வழக்கம் எப்படி வந்தது, ஐயா?

பதில்: 1926இல் எண்ணிடப்பட்ட நெடுஞ்சாலைகள் ஊர்களின் நடுவே புகுந்து சென்றதால், காரில் போகிறவரை ஒரு நிமிடமாவது நிறுத்திவிடுவதே சாலையோர வியாபாரிகளின் பிழைப்பாயிற்று. தெற்கு டகோட்டாவில் வால் என்னும் சிற்றூரில் 1931இல் மருந்துக்கடை வாங்கிய டெட், டோரதி ஹஸ்டெட் தம்பதி, வியாபாரம் படுத்துவிட்ட நிலையில் சில ஆண்டுகள் தவித்தார்கள். 1936 கோடையில், ஐஸ் தண்ணீர் இலவசம் என்று சாலையில் பலகை நடலாமே என்ற யோசனையை டோரதி சொன்னார். பலகைகளை நட்டுவிட்டு டெட் திரும்புவதற்குள் கடைக்கு ஆட்கள் வந்துவிட்டதாக அக்குடும்பத்தார் சொல்வதுண்டு.

கேள்வி: பண்ணைக் கொட்டகைகளின் கூரையில் விளம்பரம் எழுதினார்களாமே?

பதில்: ஆம். ஜார்ஜியாவில் லுக்அவுட் மலைமீது 1932இல் திறக்கப்பட்ட ராக் சிட்டி பாறைத் தோட்டத்துக்காக, கிளார்க் பயர்ஸ் என்ற ஓவியர் 1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கூரை கூரையாக ஏறி எழுதினார். விளக்குக் கரியையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து கறுப்புப் பின்னணி பூசி, அதன்மேல் வெள்ளை எழுத்துகளைத் தீட்டுவார். கூரைக்கு இலவசமாக வண்ணம் கிடைத்ததால் விவசாயிக்கும் லாபம்தான். 19 மாநிலங்களில் சுமார் 900 கொட்டகைகள் இப்படி எழுதப்பட்டன. சாலை விளம்பரக் கலையில் இதற்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன். மிசௌரியின் மெராமெக் குகையை நடத்திய லெஸ்டர் டில் என்பவரோ, பார்வையாளர்கள் குகைக்குள் இருக்கும் நேரத்தில் அவர்களுடைய கார்களின் பம்பர்களில் அட்டை விளம்பரங்களைக் கட்டிவிடச் செய்தார்.

கேள்வி: பிறகு ஏன் நலிந்தன?

பதில்: 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் விரைவுச் சாலைகள் ஊர்களை ஒதுக்கிச் சென்றன, அவற்றில் வழியில் பார்த்ததும் வண்டியை நிறுத்த இயலாது. 1965ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் விளம்பரப் பலகைகளையும் கட்டுப்படுத்தியது. 1926இல் எண்ணிடப்பட்ட நெடுஞ்சாலைகளுள் பெயர்பெற்ற ரூட் 66 சாலையின் எண்ணே 1985இல் நீக்கப்பட்டது.

கேள்வி: இப்போது போனால் எதைப் பார்க்கலாம்?

பதில்: ஓக்லஹோமாவில் கடூசா ஊரருகே, திமிங்கிலப் பொம்மைகள் சேர்த்துவந்த மனைவிக்குத் திருமணநாள் பரிசாக ஹியூ டேவிஸ் 1970களின் தொடக்கத்தில் குளத்தில் கட்டிய நீலத் திமிங்கிலம், 80 அடி நீளத்தில் இன்றும் நிற்கிறது. பழங்குடிக் கூடார வடிவில் ஃபிராங்க் ரெட்ஃபோர்ட் வடிவமைத்த ஏழு விக்வாம் விடுதிகளில் மூன்றே எஞ்சியுள்ளன. ரூட் 66இல் இருப்பதையே பார்க்க விரும்பினால் அரிசோனாவின் ஹோல்புரூக்குக்கோ கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவுக்கோ செல்லுங்கள்.