வாசகர் கேள்விகள்: ஒற்றைப் பல்லில் ஒரு விலங்கு

கேள்வி: டெக்கனோலெஸ்டிஸ் என்ற பழங்கால விலங்கின் முழு எலும்புக்கூடு கிடைத்ததே இல்லையாமே? பல்லை மட்டும் பார்த்து, அது பாலூட்டி என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: முழுக்கூடு இல்லைதான். 1988-ல் தொல்லுயிர் ஆய்வாளர்கள் ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் இதை அறிவித்தபோது கையில் இருந்தவை பற்கள்தான். இன்றைய தெலங்கானாவின் நஸ்கலில், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய ஏரிப் படிவில் கிடைத்தவை. வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள். இந்தியாவில் அகப்பட்ட முதல் கிரெட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலகட்டம்) பாலூட்டி இது.

ஊர்வனவற்றின் பல் பெரும்பாலும் ஒற்றைக் கூம்பு, ஒற்றை வேர். பாலூட்டியின் கடைவாய்ப் பல்லிலோ பல முகடுகள், இரண்டோ மூன்றோ வேர்கள். டெக்கனோலெஸ்டிஸின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் முன்பக்கம் மூன்று கூர்முகடுகள், பின்பக்கம் ஒரு குழி. மேல்பல்லின் உள்முகடு அந்தக் குழிக்குள் வந்து இறங்கும். வெட்டுவதும் நசுக்குவதும் ஒரே கடியில் முடிந்துவிடும். பூச்சி தின்பதற்கு வாகான அமைப்பு. 1994-ல் விவரிக்கப்பட்ட கணுக்கால் எலும்புகள், இது மரமேறி என்றும் காட்டின.

கேள்வி: ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பல்லை மண்ணிலிருந்து எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: கண்ணால் தேடிப் பயனில்லை. களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து சலிக்க வேண்டும். முதலில் மண் சுக்காகக் காய வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் எவ்வளவு ஊறினாலும் கட்டி கரையாது. அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அப்படியும் மசியாத மண்ணை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எண்ணெயை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றினால் தானே உதிரும் (பக்கத்தில் நெருப்பு கூடாது). பிறகு அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் போட்டு, தண்ணீரில் பாதி மூழ்கியபடி மெல்ல ஆட்டுவார்கள். கையால் தேய்த்தால் முகடு உடைந்துவிடும்; முகடு போனால் இனத்தை அடையாளம் காண்பது பெரும்பாடு.

சல்லடையில் நின்றதை உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மீன் பல்லும் செதிலும்தான் மலிந்து கிடக்கும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

கேள்வி: சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் அமிலத்தில் கரைக்கலாமா?

பதில்: நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைக்கலாம். பல்லை அரிக்காமல் இருக்க அதில் கால்சியம் பாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்போடு பல்லையும் தின்றுவிடும். கரைத்தபின் நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். சுண்ணாம்பு கரைந்ததில் உண்டாகித் தங்கிய உப்பு காயும்போது படிகமாகிப் பல்லைப் பிளந்துவிடும்.