படம் முடிந்ததும் யார் பேசுவது?

கேள்வி: எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில், கம்போடிய ஓவியர் வான் நாத் தோன்றும், எஸ்-21 என்ற சிறையைப் பற்றிய 'எஸ்-21' ஆவணப்படத்தைத் திரையிட இருக்கிறோம். மாணவர்களின் மனம் பாதிக்கப்படும் என்று முதல்வர் தயங்குகிறார். சக ஆசிரியர்களோ தலைமையுரை, அஞ்சலி, கருத்தரங்கம் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். எப்படி நடத்துவது?
– விரிவுரையாளர் ஒருவர், மதுரை

பதில்: முதல்வரின் தயக்கம் நியாயமானதுதான், ஆனால் மாணவர்களை உலுக்கப்போவது அவர் நினைக்கும் காட்சிகளாக இருக்காது. இயக்குநர் ரித்தி பானின் இந்த 2003ஆம் ஆண்டுப் படத்தில், நடிகர்களை வைத்து வதையைக் காட்டும் வேலை கிடையாது. பதின்ம வயதில் அந்தச் சிறைக்குக் காவலராக வந்த ஒருவர், கால் நூற்றாண்டு கழித்து அதே அறையின் வாசலில் நின்று, பூட்டை இழுத்துப் பார்க்கிறார். உள்ளே இல்லாத கைதிகளை அதட்டுகிறார். மறந்துவிட்டதாக வாய் சொல்லக்கூடியதை உடம்பு செய்து காட்டும் அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் மாணவர்களை நீங்கள் தயார்ப்படுத்த வேண்டும்.

முன்னுரை ஐந்து நிமிடம் போதும். புனோம் பென் நகரின் ஒரு பள்ளிக்கூடம், பொல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் எஸ்-21 எனும் துவோல் ஸ்லெங் சிறையாக்கப்பட்டதையும், அங்கே அடைக்கப்பட்ட 12,000க்கும் மேற்பட்டோரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே பிழைத்ததையும் சொல்லுங்கள். 1978 ஜனவரியில் அங்கு கொண்டுவரப்பட்ட வான் நாத், புகைப்படத்தைப் பார்த்து பொல் பாட்டின் உருவத்தை வரையத் தெரிந்தவர் என்பதாலேயே விட்டுவைக்கப்பட்டார். ஆட்சி வீழ்ந்தபின் அதே கட்டடத்துக்குத் திரும்பி, தான் கண்டவற்றை வரைந்தார். படத்தில், தாங்களும் பாதிக்கப்பட்டவர்களே என்று சொல்லும் காவலர்களிடம், அப்படியானால் தன்னைப் போன்ற கைதிகள் யார் என்று அவர் குரலை உயர்த்தாமல் கேட்கிறார். அவர் விட்டுச்சென்ற சொத்து, ஓவியங்களுக்கு நிகராக, இந்தக் கேள்வியும்தான் என்பேன். இதற்குப் பிறகு மேடையேறும் எந்தத் தலைமையுரையும் எடுபடாது.

சொந்த மக்களையே கொன்றதை எப்படி இனப்படுகொலை என்பது என்று ஒரு மாணவராவது கேட்பார். அந்தச் சிறையின் தலைவர் டூக் 2010இல் தண்டிக்கப்பட்டது மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் போர்க்குற்றங்களுக்கும். இனப்படுகொலைத் தீர்ப்பு 2018இல் வேறு இரு தலைவர்கள்மீது வந்தது, அதுவும் கம்போடியாவின் சிறுபான்மையினருக்கு இழைத்தவற்றுக்காக: வியட்நாமியர் விஷயத்தில் இருவர்மீதும், சாம் முஸ்லிம்கள் விஷயத்தில் ஒருவர்மீது மட்டும். நாட்டின் பெரும்பான்மையினரான கெமர் மக்களின் சாவு, ஓர் இனத்தையோ மதத்தினரையோ குறிவைத்து அழிப்பதைக் குறிக்கும் அந்தச் சட்டச் சொல்லுக்குள் அடங்கவில்லை. அழைப்பிதழில் அச்சொல்லைப் போடுவதற்குமுன் மன்றத்தினரோடு இதைப் பேசிவிடுங்கள்.

வருகைப் பதிவு எடுக்காதீர்கள். எழுந்து போக விரும்புகிறவர் யாரையும் தாண்டாமல் போக வசதியாக, ஓர நாற்காலிகளைக் காலியாக வைத்துப் பின்கதவைத் திறந்திருங்கள். குத்துவிளக்கும் பொன்னாடையும் இந்த ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும். படம் முடிந்ததும் விளக்கை உடனே போடாமல், கால் மணி நேரம் தாழ்வாரத்தில் தேநீர் கொடுத்து, அதன்பின் பேச விரும்புகிறவர்களை மட்டும் வட்டமாக உட்கார வையுங்கள். அகதி முகாமில் வளர்ந்த பிள்ளை ஒருவர் கூட்டத்தில் இருக்கலாம். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று அவரை எழுப்பி நிற்க வைத்துவிடாதீர்கள்.

சுவரொட்டியில் பொல் பாட்டின் முகம் வேண்டாம். 2009இல் டூக்கின் எதிரே அமர்ந்து சாட்சி சொன்ன வான் நாத், மேல்முறையீட்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட 2012ஐக் காணாமல், 2011 செப்டம்பரில் காலமானார். தூரிகையோடு அவர் இருக்கும் படம் ஒன்றைத் தேடிப் போடுங்கள்.