பார்சிலோனாவிலிருந்து பெனிஸ்கோலா: ஒரே நாளில் போய் வரலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "செப்டம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு பார்சிலோனா போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், அப்பா, அம்மா. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, அதன் உச்சியில் கோட்டை என்று பெனிஸ்கோலாவின் படத்தைப் பார்த்ததிலிருந்து அங்கே போயே ஆகணும் என்று இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? கார் எடுக்கணுமா? அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம் வேறு. சமாளித்துவிடுவாரா?"

முடியும். ஆனால் ஒரே நாளில் போகாதீர்கள், ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். தூரத்துக்காகச் சொல்லவில்லை, பார்சிலோனாவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பிப் போகிறவர்கள் எல்லோரும் பதினொரு மணி வாக்கில் போய்ச் சேர்ந்து, வெயில் ஏறிய நேரத்தில் மேடேறி, பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டத்தோடு குறுகலான சந்துகளில் முட்டி மோதி, காந்த பொம்மைக் கடையையும் ஐஸ்கிரீம் கடையையும் பார்த்துவிட்டு ஐந்து மணி ரயிலுக்கு ஓடுகிறார்கள். அந்த ஊர் நன்றாக இருப்பதே சாயங்காலம் ஆறுக்கு மேலும் காலை பத்துக்கு முன்பும்தான். அந்த இரண்டு நேரத்தையும் விட்டுவிட்டுப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ரயில் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பெனிஸ்கோலாவில் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து ஊரான பெனிகார்லோவில்தான் இறங்க வேண்டும், நிலையத்தின் பெயர்ப்பலகையில் இரண்டு ஊர் பெயரும் சேர்ந்தே இருக்கும். பார்சிலோனா சான்ட்ஸ் நிலையத்திலிருந்து வலென்சியா பக்கம் போகும் யூரோமெட் மாதிரியான ரயில்களில் சில மட்டும் அங்கே நிற்கும், பயணம் இரண்டு மணி நேரம் முன்னே பின்னே. எல்லா ரயிலும் நிற்காது என்பதால் போகிற டிக்கெட்டை எடுக்கும்போதே திரும்புகிற டிக்கெட்டையும் ஸ்பெயின் ரயில்வேயான ரென்ஃபேயின் தளத்தில் எடுத்துவிடுங்கள், சீக்கிரம் எடுத்தால் விலையும் குறைவு. சான்ட்ஸில் தொலைதூர ரயில்களுக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், அதற்கு ஒரு அரை மணி முன்னால் இருங்கள். பெனிகார்லோவிலிருந்து பெனிஸ்கோலாவுக்கு ஏழு கிலோமீட்டர். பஸ் இருக்கிறது. ஆனால் பெரியவர்கள், பெட்டி, குழந்தை என்று ஐந்து பேர் இருக்கிறீர்கள், தங்கும் இடத்துக்காரர்களிடமே பெரிய டாக்ஸி ஒன்றைச் சொல்லி வையுங்கள் (சாதாரண டாக்ஸியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது).

கார் எடுப்பதும் நல்ல யோசனைதான், உங்கள் கணவருக்கு வலப்பக்கம் ஓட்டுவதில் தயக்கம் இல்லையென்றால். ஏபி-7 நெடுஞ்சாலையில் முன்பு சுங்கமே கணிசமாகப் போகும். டாரகோனாவுக்குத் தெற்கே 2020லிருந்தும், வடக்கே 2021லிருந்தும் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும், அதை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பழைய ஊருக்குள் மட்டும் காரோடு போக நினைக்காதீர்கள். கீழே நிறுத்திவிட்டு நடப்பதுதான் ஒரே வழி. கார் இருந்தால் ஒரு லாபம், தெற்கே இர்தா மலைத்தொடர் ஓரமாகக் கடலை ஒட்டிப் போகலாம். கட்டடம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத கடற்கரை, செங்குத்தான பாறை உச்சியில் பாதூம் என்று ஒரு பழைய காவல் கோபுரம். ஸ்பெயினின் மத்தியதரைக் கரையில் இப்படித் தப்பித்த இடங்கள் கொஞ்சம்தான்.

தங்குவதைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், பாறைக்கு மேலே வேண்டாம். மேலே இருக்கும் சின்னச் சின்ன ஹோட்டல்கள் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் கல் பாவிய ஏற்றத்தில் பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு போக வேண்டும், அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் அதே ஏற்றம். கீழே வடக்குக் கடற்கரை ஓரம் எடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கடற்கரை பெனிகார்லோ வரைக்கும் ஐந்து கிலோமீட்டர் நீளம், 'பெனிஸ்கோலா, கடலைப் பார்த்த அறை' என்று போட்டிருப்பது கோட்டையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். மேப்பில் கோட்டைக்கும் அறைக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து பார்த்துவிட்டு, ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டும் எடுங்கள். சமையலறை உள்ள அடுக்ககமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏன் என்று சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கு மதியம் மேலே ஏறவே வேண்டாம். மகளைக் கடலில் விடுங்கள். மணல் கரை, ஆழம் மெதுவாகத்தான் கூடும், கோடை முழுக்கக் காய்ந்த தண்ணீர் செப்டம்பர் கடைசியிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். வார நாளாக இருந்தால் நான்கு, ஐந்து மணிக்குத் துறைமுகம் பக்கம் நடந்து போங்கள், இழுவலைப் படகுகள் வரிசையாகத் திரும்பி வரும். பின்னால் கடற்காக்கை கூட்டம் கத்திக்கொண்டே வர, படகு கரையைத் தொடுவதற்குள்ளேயே மீனைத் தரம் பிரித்துப் பெட்டிகளில் அடுக்கியிருப்பார்கள், பெட்டிகள் நேராக ஏலக்கூடத்துக்குப் போகும்.

மறுநாள் காலைதான் முக்கியம். செப்டம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிப்பது ஏழே முக்கால் வாக்கில், அதனால் குழந்தையைக்கூட எழுப்பிவிடலாம். கிழக்கு பார்த்த கரை, கடலிலிருந்து நேராக எழும் வெளிச்சம் முதலில் பாறை மேல்தான் விழும். அந்த நேரத்தில் மணலில் நின்று பார்த்தால் ஊரின் அமைப்பு புரிந்துவிடும். பாறை ஒரு காலத்தில் தீவு மாதிரி, கரையோடு அதைச் சேர்த்தது அலை கொண்டுவந்து குவித்த ஒரு மணல் திட்டு மட்டும்தான், பாறைக்குள்ளேயே நன்னீர் ஊற்றும் இருக்கிறது. முற்றுகையைத் தாங்க ஒரு இடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பீனீசியர், அரபியர், அரகோன் அரசர்கள் என்று யாரும் இந்த இடத்தை விட்டுவைக்காததற்குக் காரணம் அதுதான்.

அம்மா ஏறலாமா என்றால், பாதி ஏறலாம். கோட்டை நிற்பது கடல் மட்டத்திலிருந்து 64 மீட்டர் உயரத்தில். ஊருக்குள் இருப்பது பெரும்பாலும் சரிவான தெருக்கள்தான், நின்று நின்று போனால் ஓரளவு சமாளிக்கலாம். கோட்டைக்குள்தான் படிகள். பல ஆயிரம் கால்கள் தேய்த்துத் தேய்த்து அந்தக் கல்லெல்லாம் வழவழவென்று இருக்கும், இறங்கும்போது வழுக்கும், எனவே நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் அவரைக் கூட்டிப் போகாதீர்கள். செருப்பு வேண்டவே வேண்டாம். மதில் ஓரமாக ஒரு இடத்தில் அப்பாவும் அம்மாவும் காபியோடு உட்கார்ந்துகொள்ளட்டும், நீங்கள் மூன்று பேரும் கோட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். கீழே துறைமுகப் பக்கம் இருக்கும் சான் பெத்ரோ வாசலை மட்டும் அவர்களுக்கும் காட்டுங்கள். அந்தக் காலத்தில் கடல் அதுவரை வருமாம், படகிலிருந்து நேராக உள்ளே நுழையலாம். மேலே தலைகீழான பிறை நிலா செதுக்கிய சின்னம் இருக்கும். அது இந்தக் கோட்டையில் வாழ்ந்த போப், பாப்பா லூனாவின் குடும்பச் சின்னம்.

கோட்டைக்குள் போகும் முன் இந்த மனிதரின் கதை தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் உள்ளே வெறும் கல் அறைகள்தான். கட்டியது டெம்ப்ளர் படைத்துறவிகள், 1294 முதல் 1307 வரை, கட்டி முடித்த கையோடு அவர்கள் சபையே கலைக்கப்பட்டது. நூறு வருஷம் கழித்து 1411இல் இங்கே குடியேறினார் பாப்பா லூனா என்று அழைக்கப்படும் பெத்ரோ தெ லூனா, பதின்மூன்றாம் பெனடிக்ட் என்ற பெயரில் பிரான்சில் உள்ள அவிஞோனில் தேர்ந்தெடுக்கப்பட்ட போப். அப்போது ஒரே நேரத்தில் மூன்று பேர் 'நான்தான் போப்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழப்பம் தீர மூவரும் விலகட்டும் என்றார்கள். மற்ற இருவரின் கதை ஒரு வழியாக முடிந்தது, இவர் மட்டும் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஜெர்மானிய அரசர் சிகிஸ்மண்ட் நேரில் சந்தித்துப் பேசிப் பார்த்தார். கூடவே இருந்த துறவி வின்சென்ட் ஃபெரர் விலகிப் போனார், அரகோன் அரசரும் கைவிட்டார், 1417இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் பதவியைப் பறித்தது. அசையவில்லை. 1423இல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் இந்தக் கோட்டையிலேயே, தன் கணக்குக்குப் போப்பாகவே, செத்துப்போனார். கடலைப் பார்த்த அவருடைய அறையின் ஜன்னல் பக்கம் நின்று பார்க்கும்போது இது நினைவில் இருந்தால் போதும். மகளுக்கு இன்னொரு கதை: பாறையைச் செதுக்கிக் கடலுக்கு இறங்கும் ஒரு படிக்கட்டு இருக்கிறது, பாப்பா லூனா அதை ஒரே ராத்திரியில் செய்து முடித்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

கோட்டை காலை ஒன்பதரை வாக்கில் திறக்கும், முதல் ஆளாக நில்லுங்கள், ஒன்றரை மணி நேரம் போதும். திரும்பும் வழியில் வீடுகளுக்கு நடுவே எல் புஃபதோர் என்று பாறையில் ஒரு பெரிய ஓட்டை வரும். அமைதியான நாளில் அடியில் தண்ணீர் தளும்புவது மட்டும் கேட்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் உறுமிக்கொண்டு மேலே பீய்ச்சி அடிக்கும். சிப்பி ஒட்டிய வீட்டையும் எல்லோரும் படம் எடுப்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

இப்போது சாப்பாடு. உங்கள் அம்மாவுக்கு முட்டியைவிட இதுதான் சிரமம். இது மீனவ ஊர், 'காய்கறி' என்று கேட்டால் மேலே ஹாம் (பன்றித் தொடை இறைச்சி) துண்டு தூவித் தருவார்கள், சாலட் கேட்டால் நடுவில் டூனா மீன் இருக்கும். சிலருக்கு அதெல்லாம் இறைச்சிக் கணக்கிலேயே வராது. 'வெஜிடேரியன்' என்ற சொல்லோடு நிறுத்தாமல் 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன், சின் அதூன்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், ஹாம், டூனா எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். காய்கறி பயேயா (ஸ்பானிஷ் அரிசிச் சமையல்) என்று மெனுவில் இருந்தாலும் அரிசி வேக ஊற்றியது மீன் கொதித்த சாறா என்று கேட்டே ஆக வேண்டும், 'கால்தோ' எது என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். தக்காளி தேய்த்த ரொட்டி, சுட்ட கத்திரிக்காயும் குடைமிளகாயும் (மேலே கருவாட்டுத் துண்டு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு), வறுத்த பச்சை மிளகாய், இவை நம்பகமானவை. முட்டை சாப்பிடுவார் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். சமையலறை உள்ள வீடு எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அரிசியும் தயிரும் சூப்பர் மார்க்கெட்டில் உண்டு, கொஞ்சம் பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் இருந்தால் ஒரு வேளைக் கவலை தீர்ந்தது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு யோசனையே வேண்டாம், பக்கத்து வினரோஸ் இறால் அந்தக் கரை முழுக்கப் பேர் போனது. நேரத்தை மட்டும் கவனியுங்கள். மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரை, ராத்திரி எட்டரைக்கு முன்னால் பல இடங்களில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆறரைக்கு அப்பாவுக்குப் பசித்தால் கையில் பழமோ பிஸ்கட்டோ இருக்கட்டும்.

மழை பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பர், அக்டோபரில் அந்தக் கரையில் பெய்தால் சில சமயம் ஒரு வருஷத்து மழையே ஒரு நாளில் கொட்டிவிடும். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா பக்கம் வந்த பெருவெள்ளத்தை உலகமே பார்த்தது. எயிமெட் என்ற ஸ்பானிஷ் வானிலைத் துறையின் எச்சரிக்கை ஆரஞ்சு என்றால் பயணத்தை ஒரு நாள் தள்ளுங்கள், சிவப்பு என்றால் இருக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள்.

எப்படிப் பார்த்தாலும் ஒரு ராத்திரி ஒதுக்க முடியாது என்றால் பெனிஸ்கோலாவை விட்டுவிட்டு சிட்ஜஸ் போங்கள். சான்ட்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், நிலையத்திலிருந்து கடலுக்கு நடை தூரம், கடல் விளிம்பில் மேடை மேல் நிற்கும் தேவாலயம், பக்கத்திலேயே ஓவியர் சாந்தியாகோ ருசினோலின் வீடாக இருந்த காவ் ஃபெர்ராத் அருங்காட்சியகம், அம்மாவுக்குப் பெரிய ஏற்றமும் இல்லை. பழைய கல் கட்டடம்தான் வேண்டும் என்றால் டாரகோனா, கடலைப் பார்த்து உட்கார்ந்த ரோமானிய அரங்கம் அங்கே இருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போது 'காம்ப் தெ டாரகோனா' என்று போட்டிருந்தால் எடுக்காதீர்கள், அது ஊருக்கு வெளியே இருக்கும் அதிவேக ரயில் நிலையம். வெறும் 'டாரகோனா' என்று இருக்கும் சாதாரண ரயிலில் போனால் கடலோரமாகவே போய் கடலுக்கு எதிரேயே இறங்கலாம்.