ஹரிக்கேன் புயல் வருகிற ஊர் என்று தெரிந்தே வீடு வாங்குகிறவர்களுக்கு மற்றவர்களின் வரிப்பணத்தில் ஏன் நிவாரணம்? காலநிலை மாற்றம் என்பது பணம் கேட்க ஒரு சாக்கா?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. ஏறக்குறைய இதே வார்த்தைகளில் 2012 கடைசியில் ஹூஸ்டனில் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் நானே கேட்டிருக்கிறேன். சாண்டி புயல் நியூ ஜெர்சியைப் புரட்டிப் போட்டிருந்த நேரம். "கடலைப் பார்த்த மாதிரி வீடு வேண்டும், அலை மட்டும் வரக்கூடாதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் நியூ ஜெர்சிக்காரர். அவரும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

நான் மட்டுமா? 2013 ஜனவரியில் சாண்டிக்கான 5,050 கோடி டாலர் மசோதாவை எங்கள் டெக்சஸின் இரண்டு செனட்டர்களும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். சம்பந்தமில்லாத செலவுகளை உள்ளே திணித்துவிட்டார்கள் என்பது அவர்களில் ஒருவரான டெட் குரூஸ் சொன்ன காரணம். அது சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. 2017-ல் அதே இருவரும் எங்களைத் தாக்கிய ஹார்வி புயலுக்கு உதவி கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஹார்வி ஆகஸ்ட் 25 இரவு டெக்சஸ் கடற்கரையில் ராக்போர்ட் என்ற ஊர்ப் பக்கம் கரையேறியது. அது எங்கள் ஊரிலிருந்து நல்ல தூரம். எங்கள் வீட்டிலிருந்து கடலைப் பார்க்கவே ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். சரி, தப்பித்தோம் என்று நினைத்தோம். ஆனால் புயல் நகராமல் உட்கார்ந்துகொண்டு கொட்டியது. நெடர்லாண்ட் என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல், அதாவது 1,500 மில்லிமீட்டரைத் தாண்டிய மழை. ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி, "கார்ப்பெட் ஈரமா இருக்குங்க" என்றாள். விடிவதற்குள் முழங்கால் அளவு. ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் பாஸ்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு சமையல் மேடைமேல் உட்கார்ந்து, "நம்ம ஊர்ல மொட்டை மாடியாவது இருக்கும்" என்றார்.

எங்களை ஏற்றிப் போன படகு லூசியானாவிலிருந்து ஒருவர் சொந்தச் செலவில் இழுத்து வந்தது. காலநிலை மாற்றம் சுத்தப் புரளி என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எதுவும் பேசவில்லை, படகு அவருடையது.

வீடு வாங்கும்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட், "உங்கள் இடம் வெள்ள மண்டலத்தில் வரவில்லை, வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை" என்றார். கட்டாயமில்லை என்றதைத் தேவையில்லை என்று புரிந்துகொண்டது என் புத்திசாலித்தனம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது. காற்று கூரையைப் பிய்த்தால் பணம் உண்டு, தரையில் வெள்ளம் ஏறினால் கிடையாது. மத்திய அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் உதவிக்கு அந்த வருடம் உச்சவரம்பே சுமார் 33,000 டாலர். எங்களுக்கு வந்தது சுவர் வேலைக்கே சரியாகப் போயிற்று. மீதிக்குக் கடன். நிவாரணத்தில் மாளிகை கட்டுகிறார்கள் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அந்த நியூ ஜெர்சிக்காரரிடமிருந்து போன். வேலை மாறிப்போய் வருடங்கள் ஆகியிருந்தன. "தண்ணீர் வடிந்ததும் சுவர்ப் பலகையை நாலடி உயரத்துக்கு வெட்டி எறிந்துவிடு, பூஞ்சை காத்திருக்காது. வெட்டுவதற்கு முன்னால் போட்டோ எடு" என்றார். பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அவர் சொன்னபடியே வெட்டி வாசலில் குவித்தோம். தெரு முழுக்க அதே குவியல்தான். மூன்றாவது வாரம் எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம்: புல்தரையில் குப்பை, பத்து நாளில் அகற்றாவிட்டால் அபராதம். வருடாவருடம் சந்தா வாங்குகிறவர்கள், நாங்கள் படகில் போனபோது எங்கே இருந்தார்கள்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்தக் கடிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். நான் விஞ்ஞானி இல்லை, கணக்கு எழுதுகிறவன். புயலே காலநிலை மாற்றத்தால்தான் பிறந்தது என்று யாராவது சொன்னால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1900-லேயே எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான கால்வெஸ்டனில் ஆயிரக்கணக்கானோர் புயலில் செத்திருக்கிறார்கள். இப்போதைய பேச்சு தண்ணீரின் அளவைப் பற்றியது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். புவி சூடானதால் ஹார்வியின் மழை சுமார் 15 சதவீதம் கூடியது என்று ஓர் ஆய்வுக் குழு கணக்கிட்டது. வெறும் 15 தானே என்பவர்கள் தங்கள் வீட்டு வாசற்படி எத்தனை அங்குலம் உயரம் என்று போய் அளந்து பார்க்கட்டும்.

உங்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1968-ல் தொடங்கிய மத்திய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் ஒரே வீட்டுக்கு மூன்று நாலு தடவைகூடப் பணம் கொடுத்திருக்கிறது. ஹார்வி வந்த வருடம் அதன் கடனில் 1,600 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. அப்படிப்பட்ட வீடுகளை விலைக்கு வாங்கி இடித்துவிட வேண்டும் என்பது என் கருத்தும்தான். ஆனால் அதைப் புயல் இல்லாத ஜனவரியில் பேசுங்கள், சமையல் மேடைமேல் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம்.

நீங்கள் வாடகை வீட்டில் இருப்பவர் என்று நினைக்கிறேன், கேள்வியின் தோரணை அப்படி. வாடகைக்காரரும் உள்ளே இருக்கும் பொருள்களுக்கு மட்டும் வெள்ளக் காப்பீடு எடுக்கலாம். பொதுவாக எடுத்து 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். ஆகஸ்டில் டிவியில் புயல் சுற்றுவதைப் பார்த்துவிட்டுப் போன் போட்டால் வேலைக்கு ஆகாது.