பிரிட்ஜ் சீட்டாட்டம்: 3 ஸ்பேட் சொன்னது தவறா?

பேர்ஸ் ஆட்டம் (ஒரே சீட்டுகளைப் பல ஜோடிகள் ஆடி, புள்ளிகளை ஒப்பிடுவது), இரு தரப்பும் வல்னரபிள், அதாவது தோற்றால் அபராதம் அதிகம். ஏலத்தில் பார்ட்னர் 1 ஸ்பேட், வலக்கைக்காரர் 2 ஹார்ட், நீங்கள் 2 ஸ்பேட், இடக்கைக்காரர் 3 ஹார்ட், அடுத்த இருவரும் பாஸ். நீங்கள் 3 ஸ்பேட் சொல்லி, அதாவது ஸ்பேடை ட்ரம்பாக (துருப்பாக) வைத்து ஒன்பது ட்ரிக் (சுற்று) ஜெயிப்பதாகச் சொல்லி, இரண்டு ட்ரிக் குறைந்தது, இல்லையா?

என் கருத்தில் பாஸ்தான் சரி. பார்ட்னரிடம் ஐந்து, உங்களிடம் மூன்று, ஆக எட்டு ட்ரம்ப். எட்டு இருந்தால் இரண்டாம் மட்டம் (எட்டு ட்ரிக்) வரை, ஒன்பது இருந்தால் மூன்றாம் மட்டம் (ஒன்பது ட்ரிக்) வரை ஏலம் கேட்கலாம் என்பது 1969-ல் பிரெஞ்சுக்காரர் வெர்ன் எழுதிய விதியிலிருந்து வரும் கணக்கு. ஆறாவது ஸ்பேட் இருந்தால் பெரும்பாலும் பார்ட்னரே 3 ஸ்பேட் சொல்லியிருப்பார்.

அதைவிட முக்கியம், உங்கள் ஹார்ட் ராணி-ஜாக்-7. அவர்கள் ஹார்ட் ஆடினால் அதில் ஒரு ட்ரிக் கிட்டத்தட்ட உறுதி. நீங்கள் ஸ்பேட் ஆடும்போது அதே சீட்டுகள் கிட்டத்தட்ட வீண். அவர்கள் 3 ஹார்ட்டை முடித்திருந்தாலும் 140 புள்ளிதான் போயிருக்கும். நீங்கள் கொடுத்தது 200. பேர்ஸில் இந்த வித்தியாசமே அந்த போர்டில் (அந்த ஒரு கை ஆட்டத்தில்) உங்களை அடிமட்டத்துக்குத் தள்ளிவிடும்.

நான்காவது ஸ்பேடும் ஹார்ட்டில் ஒற்றைச் சீட்டும் இருந்திருந்தால், தயங்காமல் 3 ஸ்பேட் சொல்லுங்கள் என்றிருப்பேன்.